ஐந்தாவது ஆணி: நுண்துளை ஹெர்னியா அறுவைக்குப் பின் நீடித்த தொடை வலி, ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் உள்ளே வந்ததும் உட்காரவில்லை. மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து, வலது காலை லேசாக மடக்கி, வேட்டியைத் தொடையிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நின்றார். துணி தொடையில் படக்கூடாது என்றுதான் அப்படிப் பிடித்திருக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. இப்போது நினைத்தால் நோயறிதலில் பாதி அந்த ஒரு நிமிடத்திலேயே கண்ணெதிரே நின்றிருந்தது. மீதிப் பாதிக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதில் சில வாரங்கள் என் தவறால் போனவை.

வயது 41. சோமனூர் பக்கம் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெசவு செய்பவர். பாவு நூல் கொடுப்பவர் வேறு, துணியை எடுத்துக்கொள்பவர் வேறு. இவருக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி நின்றால் வருமானமும் நின்றுவிடும். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, புகையும் இல்லை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன் வலது கவட்டையில் ஹெர்னியாவுக்கு, அதாவது குடலிறக்கத்துக்கு, அறுவை செய்துகொண்டார். ஊரில் எல்லோரும் சொல்வதுபோல அவரும் 'லேசர் ஆபரேசன்' என்றுதான் சொன்னார். லேசர் எதுவும் கிடையாது. வயிற்றில் மூன்று சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டு, வயிற்றுச் சுவருக்கும் உள்ளுறைக்கும் நடுவே இடம் உண்டாக்கி, அங்கே ஒரு வலையை விரித்து வைக்கும் முறை அது. வயிற்றுக்குழிக்குள் போகாமலே செய்தால் டெப், உள்ளே போய் உறையைத் திறந்து செய்தால் டாப். இவருக்குச் செய்தது டெப். இந்த முறைகள் 1990-களின் தொடக்கத்தில் பரவியவை. கோவையும் அந்தக் காலத்திலேயே லேப்ராஸ்கோப்பியில் கைதேர்ந்த ஊர். அதனால் எங்கள் பக்கத்தில் நுண்துளை அறுவை என்றால் யாருக்கும் பயமில்லை. பயமில்லாததில் தவறில்லை. ஆனால் 'ரெண்டு நாள்ல தறிக்குப் போயிரலாம்' என்று டீக்கடையில் பேசிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டதில், சரியாகாமல் நிற்பவர் வலியைச் சொன்னால் நம்ப ஆளில்லாமல் போய்விட்டது.

யாரும் கேட்காத கேள்வி

அவர் கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் ஸ்கேன் படங்கள், ரசீதுகள், மாத்திரைச் சீட்டுகள், இரண்டு எண்ணெய்ப் பாட்டில்கள். பையை அப்படியே ஓரமாக வைக்கச் சொன்னேன். இது என் பழக்கம். காகிதத்தைப் பார்த்துவிட்டால் ஆளைப் பார்க்கும் கண் மங்கிப்போகிறது.

"வலி எப்ப ஆரம்பிச்சுது? நாள் கணக்குல வேண்டாம், மணிக் கணக்குல சொல்லுங்க."

அவர் யோசிக்கவே இல்லை. "கண்ணு முழிச்சதுமேங்க. மயக்கம் தெளிஞ்சப்ப வயித்துல வலி இல்லீங்க. தொடைதாங்க காந்துச்சு. மொளகா அரைச்சுப் பூசுனாப்ல. நர்சம்மாகிட்டச் சொன்னனுங்க. ஊசி போட்டாங்க. ஊசிக்கெல்லாம் அது அடங்குலீங்க."

பதினான்கு மாதத்தில் ஆறு பேரைப் பார்த்திருக்கிறார். எப்போது தொடங்கியது என்று கேட்டவர்களுக்கு 'ஆபரேசனுக்கு அப்புறம்' என்ற பதில் போதுமானதாக இருந்திருக்கிறது. எத்தனை மணி நேரத்துக்கு அப்புறம் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த நோயில் அதுதான் முதல் கேள்வி. ஹெர்னியா அறுவைக்குப் பின் வரும் வலி பல வழிகளில் வரும். வலை சுருங்கிக் கட்டியாவது மாதங்கள் எடுக்கும். தழும்பில் நரம்பு சிக்குவது வாரங்கள் கழித்து மெல்லத் தலைகாட்டும். ஹெர்னியா மறுபடி வந்தால் பெரும்பாலும் வீக்கத்தோடு வரும். கண் விழித்த நிமிடமே, அறுத்த இடத்தை விட்டுவிட்டு வேறொரு இடத்தில் தீப்பிடித்தாற்போல் எரிந்தால், அறுவை அறைக்குள்ளேயே ஒரு நரம்பு மாட்டிக்கொண்டது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தச் சந்தேகம் அந்த வாரமே வந்திருந்தால், திரும்ப உள்ளே போய் மாட்டியதை எடுத்துவிட்டிருக்கலாம். இந்த மாதிரி வலியில் காத்திருந்து பார்ப்பது சிகிச்சை ஆகாது.

அவருக்குக் கிடைத்த பதில் வேறு. எட்டாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது, "போகப் போகச் சரியாயிரும்." ஆறாவது வாரம், "சிலருக்கு மூணு மாசம் ஆகும்." மூன்றாவது மாதம், "ஆபரேசன் நல்லா இருக்குது, முதுகு டாக்டரைப் பாருங்க." சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இந்தப் பதில் சரியாகவும் இருக்கும்.

முதுகு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுத்தார். கீழ்முதுகில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு கொஞ்சம் பிதுங்கியிருந்தது. 40 வயதில் முதுகுவலியே இல்லாதவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். அந்தத் தட்டு நரம்பை அழுத்தினால் வலி முட்டிக்குக் கீழே இறங்க வேண்டும். இவருடைய வலி ஒரு நாளும் முட்டியைத் தாண்டியதில்லை. ஆனாலும் படத்தில் ஏதோ ஒன்று தெரிந்துவிட்டது, அதற்கு ஒரு பெயரும் இருந்தது. ஐந்து மாதம் இடுப்புப் பட்டை கட்டச் சொன்னார்கள். அந்தப் பட்டை இடுப்பெலும்பின் முன் முனையை அழுத்தும் இடத்தில்தான் அவருக்கு உயிர் போகிற வலி. கட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டார். 'சொன்னதைக் கேட்காத நோயாளி' என்று ஒரு சீட்டில் எழுதியே இருந்தது.

இடையில் ஒரு நரம்பு வைத்தியரிடம் எண்ணெய், இன்னொருவரிடம் சுளுக்கு வழித்தல். கடைசியாக ஒரு மருத்துவர், "உடம்புல ஒண்ணும் இல்ல, மனசுலதான்" என்றாராம். இதைச் சொல்லும்போது அவர் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்தார். "மனசுல இருந்தா தூக்கத்துலயாச்சும் வலிக்காம இருக்கோணுமுல்லங்க? தூக்கத்துல கால நீட்டுனா அலறி எந்திரிக்கறாருங்க. ஒரு வருசமா மடக்குன காலோடதான் படுக்கை."

இந்த வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொண்டேன். காலை நீட்டினால் வலி, மடக்கினால் தணிவு. இடுப்பு மூட்டு நீளும்போது முன்தொடைக்குப் போகும் நரம்புகள் இழுபடும்; மடக்கினால் தளரும். அவர் குனிந்து நடந்ததற்கும் மேசையில் சாய்ந்து நின்றதற்கும் அதுதான் காரணம்.

ஒரு இழை நூலும் இரண்டு பேனாவும்

படுக்க வைத்துப் பரிசோதித்தேன். இருமச் சொல்லிப் பார்த்ததில் ஹெர்னியா திரும்ப வரவில்லை. பின்னால் அல்ட்ராசவுண்டும் அதையே சொன்னது. விதைகள் இயல்பு. இடுப்பு மூட்டை உள்ளும் வெளியும் திருப்பியதில் வலி இல்லை. தொடை இடுக்குத் தசைநாண்கள், பூப்பெலும்பு முனை, முட்டியில் தட்டினால் கால் சுண்டுவது, தொடைத் தசை வலு எல்லாம் சரி. கவட்டை மடிப்பிலும் விதைப்பையின் மேற்புறத்திலும் தொடு உணர்வு இடப்பக்கம்போலவே இருந்தது. அங்கே போகும் இலியோஇங்குவினல் நரம்பு இதில் சம்பந்தப்படவில்லை என்று அப்போதே ஓரளவு தெரிந்துவிட்டது.

மீதி இருந்தது தொடை. லேசான தொடுகையைச் சோதிக்கப் பஞ்சு தேடினேன், கைக்கு எட்டவில்லை. அவர் சட்டைப் பையில் ஒரு நூல் இழை ஒட்டியிருந்தது, நாற்பதாம் நம்பர் நூல். அதையே எடுத்துத் தொடையில் இழுத்தேன். உடம்பு துள்ளியது. கட்டைவிரலால் அழுத்தியபோது அந்த அளவுக்கு இல்லை. நூல் பட்டால் எரிவது, அழுத்தினால் தாங்குவது: நரம்புக் கோளாறின் வலி இப்படித்தான் தலைகீழாக நடந்துகொள்ளும்.

பிறகு படம் போட்டோம். இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். வெளிவட்டத்தில் இருந்து உள்நோக்கி நூலை இழுத்து, எரியத் தொடங்கும் இடத்தில் சிவப்புப் பேனாவால் புள்ளி, மரத்துப்போன இடத்தில் நீலப் பேனாவால் புள்ளி. அரை மணி நேரம் ஆனது. "பாவுக்குக் கோடு போடறாப்ல போடறீங்க" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான். முடிந்ததும் இரண்டு தீவுகள் தெரிந்தன. பெரியது தொடையின் வெளிப்பக்கத்தில், இரண்டு உள்ளங்கை அளவு. நடுவில் நீலம், சுற்றிலும் சிவப்பு. சிறியது தொடையின் முன்புறம், கவட்டை மடிப்புக்கு மூன்று விரல் கீழே, ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

பெரிய தீவுக்குச் சொந்தமான நரம்பை எங்கள் புத்தகங்கள் லேட்டரல் ஃபெமோரல் குட்டேனியஸ் நரம்பு என்கின்றன; வெளித்தொடை நரம்பு என்று வைத்துக்கொள்வோம். முதுகில் இரண்டாம், மூன்றாம் இடுப்பு நரம்பு வேர்களில் கிளம்பி, இடுப்புக் குழியின் உள்சுவரில் இலியாக்கஸ் தசை மேல் ஓடி, இடுப்பெலும்பின் முன் முனைக்குப் பக்கத்தில் வெளியேறித் தொடைத் தோலுக்குப் போகும். அதற்குத் தசை வேலை கிடையாது, உணர்வு மட்டும்தான். அதனால்தான் காலில் வலு குறையாமல் வலி மட்டும் வந்தது. இறுக்கமான பெல்ட், பெரிய தொப்பை இவற்றாலும் இந்த நரம்பு நசுங்கும். அந்த நோயை 1895-லேயே ராத், பெர்ன்ஹார்ட் என்ற இருவரும் எழுதிவிட்டார்கள். சின்னத் தீவு ஜெனிட்டோஃபெமோரல் நரம்பின் தொடைக் கிளைக்கு உரியது. இரண்டும் வெவ்வேறு வேலைக்குப் போகிற நரம்புகள். ஆனால் இடுப்புக் குழிக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் கெட்டன என்றால், கெடுத்தது அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நரம்பு வலியைக் கணிக்க டி.என்.4 என்று பத்துக் கேள்விச் சீட்டு ஒன்று உண்டு. நான்கு வந்தாலே சந்தேகம். இவருக்கு எட்டு. வலி அளவு பத்துக்கு எட்டு.

முக்கோணம்

இந்த இடத்தில் சற்று உடற்கூறு சொல்ல வேண்டியிருக்கிறது. நுண்துளை அறுவை செய்பவர் கவட்டையை முன்பக்கத்தில் இருந்து பார்ப்பதில்லை. உள்ளே இருந்து, பின்பக்கமாகப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் இடுப்பெலும்பு முனையில் இருந்து பூப்பெலும்பு வரை ஒரு நாண் குறுக்கே ஓடும். இலியோபியூபிக் டிராக்ட் என்பார்கள். அதற்கு மேலே வயிற்றுச் சுவர். கீழே இரண்டு ஆபத்தான முக்கோணங்கள். விந்துக் குழாய்க்கும் விதை ரத்தக் குழாய்களுக்கும் நடுவே இருப்பது அழிவு முக்கோணம்; அதற்கடியில் காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள். விதை ரத்தக் குழாய்களுக்கு வெளிப்பக்கம், நாணுக்குக் கீழே இருப்பது வலி முக்கோணம்; நான் சொன்ன இரண்டு நரம்புகளும் அங்கேதான் ஓடுகின்றன. இந்த இரண்டிலும் ஆணி அடிக்கக் கூடாது.

ஆணி என்பது நோயாளியின் சொல். எனக்கும் அது பிடித்துப்போனது. வலை நகராமல் இருக்க டாக்கர் என்ற துப்பாக்கி போன்ற கருவியால் அடிக்கும் டைட்டானியச் சுருள் அது, 4 மில்லிமீட்டர் அளவு. நான் அடிப்படையில் மயக்க மருத்துவன். தலைமாட்டில் நின்று அந்த 'டக்' சத்தத்தைப் பல வருடங்களாகக் கேட்டிருக்கிறேன். நல்ல அறுவையாளர் வெளிப்பக்கத்தில் ஆணி அடிக்கும்போது இடது கையை வயிற்றின் மேல் வைத்து அழுத்துவார். உள்ளே இருக்கும் கருவியின் முனை வெளிக் கையில் தட்டுப்பட்டால் நாணுக்கு மேலே இருக்கிறோம் என்று பொருள். தட்டுப்படாவிட்டால் அங்கே அடிக்காமல் விலகிவிட வேண்டும். சொல்ல எளிது. கேமராக் கண்ணாடி மங்கி, வலையின் ஓரம் சுருண்டு எழும்போது அந்த ஓரத்தை அடக்க ஒரே ஒரு ஆணி அடிக்கலாமே என்று கை போகும். அந்தச் சபலத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்போது நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. டெப் முறையில் பெரும்பாலானவர்களுக்கு ஆணியே தேவையில்லை. குறைந்தது 10-க்கு 15 சென்டிமீட்டர் வலையைச் சுருக்கமின்றி விரித்தால், காற்றை வெளியேற்றியதும் வயிற்றின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். பெரிய நேரடி ஹெர்னியாவுக்கு (கவட்டைச் சுவரே தளர்ந்து நேராக முன்னே பிதுங்கும் வகை) மட்டும் ஆணி போன்றவற்றால் பொருத்துவது நல்லது என்பதே 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டியின் கருத்து.

படம் காட்டியது

இப்போது பையைத் திறந்தேன். எம்.ஆர்.ஐ. இரண்டு, வயிற்று ஸ்கேன் நான்கு, ரத்தப் பரிசோதனைகள் ஒரு கட்டு. இடுப்பு எக்ஸ்ரே ஒன்றுகூட இல்லை. விலை குறைந்த பரிசோதனை யாருக்கும் தோன்றுவதில்லை. எடுத்தோம். வலது கவட்டையில் வெள்ளைச் சுருள்கள் பளிச்சென்று தெரிந்தன. ஐந்து. நான்கு, இருக்க வேண்டிய வரிசையில். ஐந்தாவது வெளிப்பக்கமாக விலகி, இடுப்பெலும்பு முனைக்கும் பூப்பெலும்புக்கும் இழுத்த கோட்டுக்குக் கீழே, தனியாக. எக்ஸ்ரேயில் ஆழம் தெரியாது என்பதால் சி.டி. எடுத்து உறுதி செய்தோம். இலியாக்கஸ் தசையின் உறை மேல் அந்த ஆணி உட்கார்ந்திருந்தது. கரையக்கூடிய ஆணிகளாக இருந்திருந்தால் எக்ஸ்ரே எதையும் காட்டியிருக்காது. இதில் மட்டும் அவருக்கு அதிர்ஷ்டம்.

முன்பு அறுவை செய்தவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி அறுவைக் குறிப்பைக் கேட்டேன். மூன்றாம் நாளே அனுப்பினார். அதில் நான்கு ஆணிகள் என்று எழுதியிருந்தது. பேசியபோது படத்தைப் பார்த்துச் சற்று நேரம் மௌனமாக இருந்தார். "கடைசியில் வலை மடங்கிச்சு, ஞாபகம் வருது" என்றார். தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நோயாளியை நேரில் பார்க்கவும் தயாராக இருந்தார், நோயாளிதான் விரும்பவில்லை.

என் தவறு

இனி நான் சறுக்கிய இடம். வலி உண்மையில் இந்த நரம்புகளால்தானா என்று தெரிய, மரக்கச் செய்து பார்க்க வேண்டும். அல்ட்ராசவுண்டின் உதவியோடு இடுப்பெலும்பு முனைக்குப் பக்கத்தில் வெளித்தொடை நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தினேன். தோலின் எரிச்சல் குறைந்தது; நூல் பட்டால் துள்ளவில்லை. ஆனால் உள்ளே இருந்த குத்தல் அப்படியே இருந்தது. எட்டு ஆறானது, அவ்வளவுதான். 'பாதிதான் நரம்பு, மீதி வேறு ஏதோ' என்று எழுதி வைத்து, நரம்பு வலிக்குக் கொடுக்கும், தூக்கமும் வரவைக்கும் அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராமும், முன்பே ஒழுங்கில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்த பிரிகாபலினை 75 மில்லிகிராம் இரண்டு வேளையுமாக எழுதி, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னேன்.

இரண்டு தவறு. முதலாவது, தறி ஓட்டுபவருக்கு அமிட்ரிப்டிலினை 25-இல் தொடங்கியது. நான்காம் நாள் காலை ஷிஃப்டில், நாடாவில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்றப் போனவர் கண் சொருகிப்போய்க் கையைக் கொஞ்சத்தில் தப்பித்திருக்கிறார். 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றியிருக்க வேண்டும். அவர் என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியும். மருந்து எழுதும்போது அது நினைவில் இல்லை.

இரண்டாவது இதைவிட முக்கியம். அவர் திரும்ப வந்த அன்று இரவு சி.டி. படத்தை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. ஆணி இருப்பது இடுப்புக் குழிக்குள். நான் மரக்கச் செய்தது அதைத் தாண்டி வெளியே. ஓடையின் நடுவில் மடை உடைந்திருக்க, நான் கீழே போய்த் தண்ணீரை நிறுத்தப் பார்த்திருக்கிறேன். காயம்பட்ட இடத்தில் இருந்து மூளைக்குக் கிளம்பும் செய்தியை அந்த இடத்துக்கு மேலே நின்றுதான் தடுக்க முடியும். முன்பக்கம் கீறிச் செய்யும் ஹெர்னியா அறுவையில் நரம்பு வெளியே காயப்படும். வெளியே மரக்கச் செய்தால் போதும், வெளியே வெட்டினாலும் போதும். நுண்துளை அறுவையில் காயம் உள்ளே. இந்த வேறுபாட்டை மறந்து கவட்டையைக் கீறி நரம்பு வெட்டப்பட்டவர்கள் வலி போகாமல் எங்களைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். கவட்டைக்குப் போகும் மூன்று நரம்புகளையும் வெட்டும் முறையை 1990-களில் லாஸ் ஏஞ்சலஸின் அறுவை மருத்துவர் அமித் முன்பக்க வழியில் பிரபலமாக்கினார். பின்னர் அதே வேலையை முதுகுப்பக்கமாக, நரம்பு கிளம்பும் இடத்துக்கு அருகில் நுண்துளையில் செய்யத் தொடங்கியதற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் முறை சி-ஆர்ம் என்ற நேரலை எக்ஸ்ரே கருவியை வைத்து, இரண்டாம் இடுப்பு நரம்பு வேருக்குப் பக்கத்தில் மூன்று மில்லி மருந்து மட்டும் செலுத்தினேன். அளவு கூடினால் தொடைத் தசை தளர்ந்து விழுந்துவிடுவார். இருபது நிமிடத்தில் எழுந்து நிற்கச் சொன்னேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்து நின்றார். பதினாறு மாதம் ஆகப்போகிறது அவர் நிமிர்ந்து. காலை நீட்டி நடைபாதையில் போய்த் திரும்பி வந்தார். எட்டு ஒன்றானது. ஐந்து மணி நேரம் அப்படியே இருந்தது. "அஞ்சு மணி நேரம் பழைய ஆளா இருந்தனுங்க" என்று மறுநாள் ஃபோனில் சொன்னார். "திரும்ப வலி வந்தப்பத்தான் அது எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுதுங்க."

மீண்டும் உள்ளே

மருந்து மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. லிடோகெயின் ஒட்டுத் தாள், மாத்திரைகள், ஊசிகள். பலருக்கு அதுவே போதும். வலி காலத்தோடு குறையும் என்பதும் உண்மை. ஆனால் இவருக்குக் காரணம் படத்தில் தெரிந்தது, மரக்கச் செய்தபோது நிரூபணமும் ஆனது. ஆணி தானாக வெளியே வராது. இந்த வகை மறு அறுவையில் அனுபவம் உள்ள ஒரு நண்பரிடம் அனுப்பினேன்.

அதற்கு முன் ஒரு மாலை முழுக்க அவரோடும் மனைவியோடும் உட்கார்ந்து பேசினோம். ஆணியை எடுப்போம், நரம்பு நசுங்கி முடிச்சு விழுந்திருந்தால் வெட்ட வேண்டியிருக்கும், வெட்டினால் தொடையில் அந்த இடம் நிரந்தரமாக மரத்துப்போகும், சிலருக்கு வெட்டிய பிறகும் மரத்த இடமே வலிக்கும், வலி முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. மனைவி வெளியே போனபோது தாம்பத்தியத்தைப் பற்றிக் கேட்டேன். நேரடியாக வலி இல்லை, ஆனால் தொடையைத் தொட விடுவதில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடும் மருத்துவர்கள் அதிகம். நோயாளி தானாகச் சொல்லப்போவதில்லை.

வயிற்றுக்குழி வழியாக நுண்துளையில் போனார் நண்பர். நானும் கூட இருந்தேன், இந்த முறையும் தலைமாட்டில். வலை சுருங்காமல் நன்றாகப் பதிந்திருந்தது; அதைத் தொடவில்லை. வெளிக் கீழ் மூலையில் மட்டும் வெள்ளைத் தழும்பு. அதற்குள் ஆணி. வெளித்தொடை நரம்பு தழும்புக்குள் மெல்லிய நூலாக நுழைந்து, மறுபக்கம் வீங்கி வெளியே வந்தது. ஜெனிட்டோஃபெமோரலின் தொடைக் கிளை பக்கத்திலேயே அதே தழும்பில் ஒட்டிக்கிடந்தது. சிவப்புப் பேனா போட்ட இரண்டு தீவுகளும் அந்த ஒரு கடுகளவு இடத்தில் வந்து சேர்ந்தன. ஆணியை எதிர்ப்பக்கம் திருகி எடுத்தார். நரம்புகளைத் தழும்புக்கு மேலே, நல்ல பகுதியில் வெட்டி, முனையைத் தசைக்குள் புதைத்தார். ஜெனிட்டோஃபெமோரலின் இன்னொரு கிளை, விதைப் பக்கம் போவது, ஆரோக்கியமாக இருந்ததால் அப்படியே விட்டார்.

ஆணியைச் சிறு குப்பியில் போட்டு அவரிடமே கொடுத்தோம். கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு

கண் விழித்ததும் முதலில் காலை நீட்டினார். வயிற்றில் வலிக்கிறது என்றார். அதைக் கேட்டு எங்களுக்கு மகிழ்ச்சி.

மூன்றாம் மாதம் வலி பத்துக்கு இரண்டு. பிரிகாபலினைச் சட்டென்று நிறுத்தாமல் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். ஒரு வருடம் முடிந்த நிலையில் பெரும்பாலான நாட்கள் பூஜ்யம். பாவு பீமை ஒருவர் உதவியோடு தூக்கி மாட்டும்போது மட்டும் கவட்டையில் ஒரு பிடிப்பு. வெளித்தொடை மரத்தேதான் இருக்கிறது. ஒருமுறை சூடான டீ டம்ளரை அந்தத் தொடைமேல் வைத்து மறந்து, தோல் சிவந்த பிறகு மனைவி பார்த்துச் சொல்லியிருக்கிறார். அதற்கு இப்போது பழகிவிட்டார். எட்டுத் தறியில் இரண்டை இடைக்காலத்தில் விற்றுவிட்டார். ஸ்கேன்களுக்கும் பட்டைக்கும் எண்ணெய்க்கும் போன பணம் அது. அது திரும்பவில்லை.

நுண்துளை முறையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. முன்பக்கம் கீறிச் செய்யும் அறுவையைவிட இதில் நீடித்த வலி குறைவு என்பது நிலைபெற்ற விஷயம். எந்த முறையானாலும் கவட்டை ஹெர்னியா அறுவைக்குப் பின் மூன்று மாதம் தாண்டியும் தொந்தரவு தரும் வலி 10 முதல் 12 சதவீதம் பேருக்கு இருக்கிறது. நாளாக ஆக இது குறையும். அன்றாட வேலையையே முடக்கும் வலி 0.5 முதல் 6 சதவீதம். இளம் வயதினர், பெண்கள், அறுவைக்கு முன்பே வலி இருந்தவர்கள், அறுவை முடிந்த முதல் நாட்களில் கடுமையாக வலித்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். கடைசியாகச் சொன்னவர்கள் வார்டில் நம் முன்னால்தான் படுத்திருக்கிறார்கள்.

போன மாதம் அவர் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். 58 வயது, தோட்டம் பார்ப்பவர். அவருக்கும் வலது கவட்டையில் சின்ன வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், வலி இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்பு அதிகம். "தம்பி பட்ட பாட்டப் பாத்துப்போட்டு எனக்கு ஆபரேசன்னாலே ஆகறதில்லீங்க டாக்டர். பண்ணாம இருந்தா குடல் சிக்கிக்குமாமே?"

2006-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றிச் சொன்னேன். அதிகத் தொந்தரவில்லாத ஹெர்னியா உள்ள 720 ஆண்களில் பாதிப் பேரை அறுவை செய்யாமல் கவனித்தார்கள். திடீரென்று சிக்கிக்கொண்டது 1,000 பேரை ஒரு வருடம் கவனித்தால் இரண்டு பேருக்கும் குறைவு என்ற கணக்கில்தான். அதனால் அவசரம் இல்லை. ஆனால் பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பேர் வலி கூடித் தாங்களாகவே அறுவைக்கு வந்துவிட்டார்கள். அதனால் ஒரேயடியாக மறந்துவிடவும் முடியாது. வீக்கம் உள்ளே போகாமல் கல் மாதிரி நின்று, வாந்தியும் வந்தால் இரவானாலும் கிளம்பி வர வேண்டும். பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதையும் சொன்னேன். வீட்டில் யாருக்காவது இருக்கலாம்.

"அப்ப நோம்பி முடியட்டுமுங்க, பொறவு பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். தம்பி விடவில்லை. துணி டெலிவரிச் சீட்டு ஒன்றைப் பையில் இருந்து எடுத்து, பின்பக்கம் ஏதோ எழுதி அண்ணன் கையில் கொடுத்தார். என்ன என்று கேட்டேன். ஆபரேசன் செய்யப் போகும் டாக்டரிடம் கேட்க வேண்டியதாம். வாங்கிப் பார்த்தேன். மூன்று வரி: "ஆணி அடிப்பீங்களா? எத்தனை? எண்ணி எழுதுவீங்களா?"